பாய் வீட்டில் சமாதானம்

எங்கள் பக்கத்தில் ஒரு யுத்தம் நடந்தது. சண்டை என்று சொன்னால் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் ரோஷம் வந்துவிடும். ஆகவே யுத்தம் என்றே எழுதுகிறேன்.

திருத்தணியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால், தமிழ்நாடு முடிகிற இடத்தில் ஓர் ஏரி இருக்கிறது. ஏரிக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர், அந்தப் பக்கம் ஆந்திரா ஊர். நடுவே கரையை ஒட்டி ஒரு துண்டு நிலம், அதில் பதினேழு வீடுகள். அந்தத் துண்டு யாருடையது என்பதில்தான் தகராறு. அங்கே குடியிருந்தவர்களுக்கு ரேஷன் கார்டு எங்கள் பக்கம், ஓட்டு அந்தப் பக்கம். பட்டா எந்தப் பக்கமும் கிடையாது. தேர்தல் வந்தால் இரண்டு ஊரும் அவர்களை எங்கள் ஜனம் என்று கட்டிக்கொள்ளும். தெருவிளக்கு எரியவில்லை என்று போய் நின்றால், எதிர்ப்பக்கம் கையைக் காட்டும்.

ஒரு கோடையில் ஏரி மதகை யார் திறப்பது என்று ஆரம்பித்து, ஒரு டிராக்டரும் மூன்று வைக்கோல் போரும் எரிந்தன. எங்கள் ஊர் நாட்டாண்மைக்கு நெற்றியில் நாலு தையல். இன்றைக்கும் அவர் விபூதி பூசும்போது அந்தத் தழும்பை மட்டும் ஜாக்கிரதையாக விட்டுவிட்டுப் பூசுகிறார். அந்த ஊர்ப் பெரியவரைப் பெத்தாயன என்பார்கள். அவருக்கு இடது கையில் எலும்பு விரிசல். எலும்பு கூடி எத்தனையோ நாள் ஆன பிறகும் கூட்டங்களுக்குக் கட்டோடுதான் வருவார். கம்பைக் கையால் தொடாத பதினேழு வீட்டுக்காரர்களும் அன்றைக்கே ஓடிப்போனார்கள். சிலர் பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டும் சொந்தக்காரர் வீடுகளுக்கும், சிலர் அரக்கோணத்துக்கும் போய் ஒண்டிக்கொண்டார்கள். இரண்டு வருஷம் அந்தத் தெருவில் ஒரு போலீஸ் கூடாரமும் நாய்களும் மட்டும் இருந்தன.

அந்தப் பதினேழில் ஒன்று மோட்டார் பாய் வீடு. பாய் இளவட்டமாக இருந்தபோது ஒரு பம்ப்செட்டைப் பழுது பார்க்க வந்தவர். வேலை ஓயாமல் வரவே, அங்கேயே தங்கிவிட்டார். அவரே மண் சுமந்து வீடு கட்டினார், பக்கத்தில் ஷெட் போட்டார், கிணறு வெட்டினார். எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் சுற்றுவதில் சுற்று வட்டாரத்தில் அவரை விட்டால் ஆளில்லை. அம்மன் திருவிழாவுக்கு ஜெனரேட்டர் ஓடாவிட்டால் அவர்தான் வந்து நிற்பார், கூலி வாங்கமாட்டார். இரண்டு ஊர் வயலுக்கும் தண்ணீர் பாய்ந்தது அந்த மனுஷன் கையால். யுத்தத்தன்று இரண்டு ஊரும் சேர்ந்து செய்த ஒரே காரியம், அவர் ஷெட் கதவை உடைத்தது. எதிரிக்கு மோட்டார் கட்டியவன் என்பது குற்றச்சாட்டு. முதலில் இவர்கள் வந்து உடைத்தார்கள், பிறகு அவர்கள் வந்து மிச்சத்தை உடைத்தார்கள்.

இனி சமாதானம் வந்த கதை. அது யுத்தத்தைவிடக் கேவலம்.

திருத்தணி தாலுகா ஆபீஸ் வாசலில் மேசை போட்டு மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். மலையேறி முருகனிடம் சொல்லிவிட்டு இறங்குகிறவர்களில் சிலர், அதே குறையை என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு ஆபீசுக்குள் போவார்கள். எனக்குத் தமிழும் தெலுங்கும் எழுத வரும். சொந்த ஊர்க்காரன் வேறு. ஆகவே பேச்சுவார்த்தை முழுவதற்கும் என்னைப் பிடித்துப் போட்டார்கள். அதில் எனக்குப் பெருமைதான், மறைப்பானேன். புதுச் சட்டை தைத்துக்கொண்டேன்.

முதல் கூட்டம் நாற்காலியின் உயரத்திலேயே முடிந்துபோனது. பெத்தாயன உட்கார்ந்த நாற்காலி ஒரு விரல் உயரம் என்று எங்கள் ஊர்க்காரன் ஒருவன் கண்டுபிடித்தான். டேப் கொண்டுவந்து அளந்தார்கள். அளந்ததும் அது உண்மைதான் என்று தெரிந்தது, அதனால் சண்டை பெரிதானது. இரண்டாவது கூட்டத்துக்கு ஒரே கடையிலிருந்து ஒரே மாதிரி நாற்காலிகள் எடுத்து வந்தோம். அன்று யார் முதலில் பேசுவது என்பதில் பொழுது போயிற்று. சர்வேயர்கள் வந்து கல் நட்டு, துண்டு நிலம் தமிழ்நாட்டுக்கு, ஒன்றுவிட்டு ஒரு நாள் மதகுத் தண்ணீர் ஆந்திரா ஊருக்கு என்று முடிவானது. இரண்டு ஊரிலும் வெற்றி என்று பட்டாசு வெடித்தார்கள்.

ஓடிப்போனவர்களைத் திரும்பக் குடிவைக்க வேண்டும். அதற்கு எங்கள் பக்கத்து அதிகாரி கேட்டது ஒன்றே ஒன்று. "அங்க யார் யார் குடியிருந்தாங்கன்னு ரெண்டு ஊரும் ஒத்துக்கிட்டு ஒரு பட்டியல் குடுங்க. பட்டியல்ல இருக்கவங்களுக்கு வீடு, பட்டா ரெண்டும் வந்துடும்" என்றார். அவர் தெற்கத்திக்காரர், நல்ல மனுஷன், எங்களை நம்பினார்.

யார் சொல்லும் பட்டியல் சரி என்று மூன்று கூட்டம் அடித்துக்கொண்டார்கள். அதற்கடுத்த கூட்டத்தில் நாட்டாண்மைக்கு ஞானம் பிறந்தது. கோயில் தலைக்கட்டுப் பட்டியல் இருக்கிறதே!

திருவிழாவுக்குப் பங்கு கொடுக்கிற குடும்பத்தைத்தான் எங்கள் பக்கம் தலைக்கட்டு என்று எண்ணுவது. ஏரி மீனில் பாகம், ஊர்க்கூட்டத்தில் பேச்சு எல்லாம் தலைக்கட்டு உள்ளவனுக்குத்தான். துண்டு நிலத்தில் பத்து வீடு எங்கள் அம்மனுக்குத் தலைக்கட்டு, ஆறு வீடு அவர்கள் கங்கம்மாவுக்கு. இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டால் யாரும் யாரையும் கேள்வி கேட்க முடியாது. பெத்தாயன கட்டுப் போட்ட கையாலேயே தொடையைத் தட்டி ஆமோதித்தார். அரசாங்கம் குடிமக்கள் பட்டியல் கேட்டால் கூழ் ஊற்றுகிறவர்கள் பட்டியலைக் கொடுக்கிற மூளை உலகத்தில் எங்களைத் தவிர வேறு யாருக்கும் இருக்காது.

நான் பதினாறு பெயரையும் தமிழில் எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் வைத்திருந்தேன்.

"பாய் வூடு?" என்றேன்.

நாட்டாண்மை நிமிர்ந்தார். "பாய் தலைக்கட்டு குடுத்தாரா?"

"அவரு எப்படிங்க நம்ம கோயிலுக்குக் குடுப்பாரு?"

"அப்போ பட்டியல்ல எப்படி வருவாரு? நானா வாணான்னு சொன்னேன்? முறைன்னு ஒண்ணு கீதுல்ல."

"அவுனு நைனா, முறை தப்பக்கூடாது" என்றார் பெத்தாயன. "மொதல்ல இது முடியட்டும். பாய மெதுவா பாத்துக்கலாம்."

மெதுவாகப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஆபீஸ் ஜன்னலிலிருந்து அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்குத்தான் நான் மறுபடி மறுபடி மனு எழுதுகிறேன். பேனாவை வைத்துவிட்டு எழுந்திருந்தால் பட்டியல் அன்றைக்கு நின்றிருக்கும், இரண்டு மொழியிலும் எழுத அங்கே வேறு ஆள் கிடையாது. நான் எழுந்திருக்கவில்லை. மத்தியானம் பிரியாணி சொல்லியிருந்தார்கள், வாசனை வந்துகொண்டிருந்தது. பதினாறு பெயரையும் தெலுங்கிலும் எழுதி, மறக்காமல் கோடு போட்டு முடித்தேன்.

அடுத்த வாரம் பாய் என் மேசைக்கு வந்தார். அரக்கோணத்தில் யாரோ ஒருவருடைய பட்டறையில் கூலிக்கு நின்றுகொண்டிருந்தார். அவரிடம் தொழில் பழக வேண்டிய ஆட்கள் அவரை ஸ்பேனர் எடுக்கச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"ரைட்டரே, பட்டியலு போய்ட்சாமே?"

"ஆங், போய்ட்ச்சி பாய்."

"நம்ம வூட்டுக்கு எப்போ போலாம்? அங்க ரூம காலி பண்ண சொல்லிகினே கீறாரு ஓனரு. மாசக் கடைசிக்குள்ள போவணும். வேற ரூமு பாக்காம நேரா நம்ம வூட்டுக்கே போய்டலாம்னு வூட்டுக்காரி சொல்றா. அந்தக் காயில் சுத்துற மெஷினு மட்டும் துருப் புடிக்காம இருந்தா போதும். ரெண்டு மாசத்துல நிமிந்துடுவேன்."

"பேசிகினு கீறாங்க பாய். உங்களுக்கு இல்லாமயா" என்றேன்.

அவர் நம்பினார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ரயிலுக்குப் போனார். அந்த டீயை நான் குடித்தேன்.

பகை தீர்ந்தவர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்க வேண்டும், அதாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அது இல்லாமல் எங்கள் பக்கம் சமாதானம் செல்லாது. இப்போது யார் வீட்டில் யார் முதலில் கை நனைப்பது? நாட்டாண்மை ஆந்திராவுக்குப் போய்ச் சாப்பிட்டால் எங்கள் ஊர் தோற்றதாக அர்த்தம். பெத்தாயன இங்கே வந்து சாப்பிட்டால் அந்த ஊர் தோற்றது. பதினாறு வீடும் ஏதாவது ஒரு கோயில் கணக்கில் இருந்தது, அங்கேயும் முடியாது. யாருக்கும் சொந்தமில்லாத வீடு ஒன்று வேண்டியிருந்தது. சர்வே படத்தில் அப்படி ஒரு வீடு இருந்தது, பெயர் எழுதாமல்.

"இது ஆளில்லாத கட்டடமா?" என்று அதிகாரி கேட்டார்.

இரண்டு பெரியவர்களும் தலையாட்டினார்கள். அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். பொதுக் கட்டடமாக்கிவிடலாம், சமாதான மன்றம் என்று பெயர் வைக்கலாம் என்றார். பலகைக்கு இரண்டு மொழியிலும் எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்க வேண்டாம்.

விழாவுக்கு ஷாமியானா, மைக் செட், ரிப்பன் வெட்ட ஒரே அளவில் இரண்டு கத்தரிக்கோல். புறா பறக்கவிட வேண்டும் என்று யாரோ சொல்ல, அம்மையார்குப்பத்தில் புறா வளர்க்கிற ஒருவரிடம் ஆறு வாங்கி வந்தார்கள். அவை கூடையைத் திறந்ததும் ஒரு வட்டமடித்து நேராக அம்மையார்குப்பத்தைப் பார்த்துப் போய்விட்டன. வீட்டுக்குத் திரும்ப அவற்றிடம் யாரும் பட்டியல் கேட்கவில்லை. பூட்டை உடைத்துத் திறந்த வீட்டுக்குள், பாயின் காயில் சுற்றுகிற மெஷினைச் சுவரோரம் தள்ளி, சாட்டின் துணி போர்த்தி, அதன் மேல் குத்துவிளக்கு வைத்திருந்தார்கள். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

தண்ணீர்தான் இல்லை. கிணற்று மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. இருநூறு பேர் கை நனைக்க வந்திருக்கிறார்கள், கை கழுவத் தண்ணீர் கிடையாது. ஆளாளுக்கு ஸ்விட்சைப் போட்டு அணைத்துப் பார்த்தார்கள். கடைசியில் நாட்டாண்மை என்னிடம் வந்து, "பாய்க்கு ஒரு போன் போடு. உன் கிட்டதான் நம்பரு கீது" என்றார். கூச்சமே இல்லை மனுஷனுக்கு.

எனக்கு இருந்ததா? போன் போட்டேன். "பாய், உங்க வூட்டு மோட்டாரு தண்ணி இழுக்கல. கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"நம்ம வூட்டு மோட்டாரா?" என்றார். குரல் மாறிப்போயிருந்தது. "இதோ வரேன் ரைட்டரே, இதோ வந்துகினே கீறேன்."

அவர் தனியாக வரவில்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா கையில் ஒரு பிளாஸ்டிக் குடம், ஒரு புதுத் துடைப்பம், ஒரு துணிப்பை. இரண்டு வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டைக் கழுவிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். பந்தல்காரர் துடைப்பத்தைப் பார்த்துவிட்டு, எச்சில் இலை எடுக்கிற பக்கம் போய் நிற்கும்படி அந்த அம்மாவுக்குக் கையைக் காட்டினார். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. ஷாமியானா ஓரத்தில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, பலகையில் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டு நின்றார்கள். என் எழுத்தைத்தான்.

பாய் பலகையைப் பார்க்கவில்லை, நேராகக் கிணற்றுக்குப் போனார். அடி வால்வில் வாஷர் தேய்ந்திருந்தது. கயிறு பிடித்து இறங்கி, குழாயை ஏற்றி, பழைய டியூபை வெட்டி ஒரு வாஷர் செய்து போட்டார். அரைமணி நேரத்தில் தண்ணீர் தொட்டியில் விழுந்தது. ஜனம் கை தட்டியது. பாய் சிரித்துக்கொண்டே முகம் கழுவி, சட்டையைப் போட்டுக்கொண்டு, பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அங்கேதான் எல்லாவற்றையும் பார்த்தார். பலகையை, நாற்காலி வரிசையை, மெஷின் மேல் எரிகிற விளக்கை.

அவர் சத்தம் போடவில்லை. நேராக அதிகாரி முன்னால் போய் நின்றார்.

"ஐயா, இது என் வூடுங்க. நான் கட்டினதுங்க. இதோ சாவி."

எங்கள் அதிகாரி குழம்பிப்போனார். பக்கத்தில் ஆந்திரா அதிகாரி, தமிழ் தெரியாதவர், என்ன என்று கையை விரித்தார். "இவர் யாருங்க?" என்று எங்கள் அதிகாரி இரண்டு பெரியவர்களையும் பார்த்துக் கேட்டார்.

"வெளியூருங்க" என்றார் நாட்டாண்மை.

"பைட்டிவாடு சார்" என்றார் பெத்தாயன அதே நொடியில். அதற்கும் அதே அர்த்தம்தான்.

நாற்காலி உயரத்தில் ஒத்துப்போகாதவர்கள், மதகில் ஒத்துப்போகாதவர்கள், ஒரு சொல்லில் ஒத்துப்போனார்கள். யாரும் டேப் எடுத்து அளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அதிகாரிக்குச் சந்தேகம் தீரவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

"ரைட்டர், நீங்க உள்ளூர்க்காரர். ரெண்டு பக்கமும் தெரிஞ்சவர். நீங்க சொல்லுங்க, இவர் யாரு?"

பாய் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். தெரிந்த ஆளிடம் கேட்டுவிட்டார்களே என்கிற நிம்மதி. நாட்டாண்மையும் என்னைப் பார்த்தார், நெற்றியில் அந்த அசிங்கமான தழும்போடு. எங்கள் ஊரில் எனக்கும் ஒரு தலைக்கட்டு இருக்கிறது.

"மோட்டார் ரிப்பேருக்கு வந்தவருங்க" என்றேன்.

ஆந்திரா அதிகாரி மறுபடி கையை விரித்தார். அவருக்குத் தெலுங்கில் சொல்வது என் வேலை. அவருக்கும் அதையே சொன்னேன்.

பாய் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். "சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க" என்று எங்கள் அதிகாரி பரிவோடு சொன்னார். "வாணாங்க" என்றார் பாய். மனைவியிடம் போய்க் குடத்தை வாங்கித் தன் கையில் பிடித்துக்கொண்டார். துடைப்பத்தை அந்த அம்மா ஷாமியானா கம்பத்தில் சாய்த்துவிட்டுப் போனார்கள். இருநூறு பேர் அன்று அந்தக் கிணற்றுத் தண்ணீரில் கை கழுவிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு இரண்டு ஊர் சார்பிலும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

மாசக் கடைசி போய் எத்தனையோ மாசம் ஆகிவிட்டது. பாய் குடும்பம் இப்போது எந்த அறையில் இருக்கிறது என்று நான் விசாரிக்கவில்லை. ஆனால் அவருக்காக ஒரு மனு எழுதியிருக்கிறேன், ஒன்றரைப் பக்கம். வீடு, ஷெட், கிணறு, மெஷின் எல்லாம் விவரமாக, இரண்டு மொழியிலும். சாட்சி என்கிற இடத்தில் என் கையெழுத்தைக்கூடப் போட்டுவிட்டேன். நான் எழுதியதிலேயே நல்ல மனு அதுதான். மனுதாரர் கையெழுத்து வாங்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கு அவருக்குப் போன் போட வேண்டும். அவர் நம்பர் போனில் இருக்கிறது. தினமும் மேசையைத் திறந்ததும் அதை எடுத்துப் பார்க்கிறேன், பார்த்துவிட்டு அடுத்த ஆளின் மனுவை எழுத ஆரம்பித்துவிடுகிறேன்.